தேர் நிலைக்கு வரவேண்டும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது புள்ளலூர். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை இங்கே முறியடித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதற்குப் பிறகு ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை இங்கேதான் நிர்மூலமாக்கினார்கள். இவ்வளவு சரித்திரத்தைச் சுமந்துகொண்டும் ஊர் ஊராகத்தான் இருக்கிறது. நெல் வயல், மாட்டுத் தொழுவம், மாலையில் திண்ணைப் பேச்சு. என் அக்காளை இந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது.

சமீபத்தில் போயிருந்தபோது அங்கே மூன்றாவது யுத்தம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. இடம், அக்காள் வீட்டுக் கூடம். ஒரு பக்கம் தகப்பனார், மறுபக்கம் மகன். காரணம், சங்கீதம்.

அக்காள் கணவர் அந்தக் காலத்து ரசிகர். வாலிபத்தில் கருட சேவைக்குக் காஞ்சிபுரம் போனால் சுவாமி பார்ப்பதோடு திரும்பமாட்டார். நாதஸ்வரம் ஓய்ந்த பிறகுதான் திரும்புவார். மகனுக்கு முப்பத்தைந்து வயது. ஒரகடத்தில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது காதில் குமிழைச் செருகிக்கொண்டு அவன் கேட்கிற சங்கீதத்துக்கு ‘புரோகிரஸிவ் ராக்’ என்று பெயர். “இரும்புப் பட்டறையில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறான். வீட்டிலும் பட்டறைதான்!” என்பது தகப்பனார் கட்சி.

மகன் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினான். “மாமா, நீங்க நாவல் எழுதறவர். நீளமான விஷயத்தைப் பொறுமையாப் பார்க்கத் தெரிஞ்சவர். இதெல்லாம் கேட்டுட்டு, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதுங்க. இல்லேன்னா அதையும் எழுதுங்க. பதினஞ்சு வருஷமாத் தனியாவே கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் காகிதத்தை மடித்துப் பையில் போட்டிருப்பேன். ரசனை என்பது பகிர்ந்துகொள்ள ஆள் தேடுகிற ஒரு பசி. அதை நான் அறிவேன்.

காகிதத்தில் இருந்தது இது: அயல்நாட்டுக் குழுக்கள் ஐந்து, நம்மவர்கள் சேர்ந்தவை மூன்று. நேரில் கேட்ட பெரிய கச்சேரி ஒன்று, தவறவிட்ட கச்சேரி ஒன்று. ஒரு மாத காலம் இவற்றைக் கேட்டேன். கேட்டபின் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். நம் இலக்கிய உலகத்தில் முற்போக்கு என்றால் ஆலைத் தொழிலாளி வருவான், கூலிப் போராட்டம் வரும், கடைசி அத்தியாயத்தில் பொழுது புலரும். இந்த முற்போக்கில் அதெல்லாம் இல்லை. தொழிலாளி கேட்கிற இடத்தில் இருக்கிறான். பாட்டில் பெரும்பாலும் இல்லை. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிஷ நடனப் பாட்டு அலுத்துப்போயிற்று. மின்சாரக் கிதாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு, ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதக்காரர்கள் வாத்தியக் கோஷ்டியை வைத்துச் செய்த பெரிய காரியங்களைச் செய்யப் பார்த்தார்கள். நாலு எண்ணிக்கை போதாமல் ஏழு, ஒன்பது என்று போனார்கள். ஒரு தட்டு முழுவதும் ஒரே கதை சொன்னார்கள். முற்போக்கு என்றது இதைத்தான்.

இவர்கள்மீது உலகம் சொல்லும் முதல் குற்றச்சாட்டு, நீளம். இதைப் பற்றி நான் கொஞ்சம் பேச உரிமையுள்ளவன்.

நீளம் என்பது கலைஞன் தானாகத் தீர்மானிப்பதல்ல, பாத்திரம் தீர்மானிப்பது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவருடைய தோடியை மணிக்கணக்கில் நின்று கேட்டவர்கள் என் தாத்தா தலைமுறை. நான் பதிவில்தான் கேட்டிருக்கிறேன். அந்நாளைய 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் இடம். கடலைச் செம்பில் மொண்டு வந்த கதை. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரம் ஓடும் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பக்கத்துக்கு இருபது நிமிஷமும் அதற்கு மேலும் இடம் கிடைத்தது. என் மருமகன் மெச்சுகிற நெடும்பாட்டுகளில் பல பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று நிமிஷத்துக்குள் இருக்கின்றன. தட்டின் ஒரு பக்கம் எவ்வளவோ அவ்வளவு! நாதஸ்வரக்காரருக்கு வீதி எப்படியோ, எங்களுக்குத் தொடர்கதை எப்படியோ, அவர்களுக்குத் தட்டின் பக்கம் அப்படி. சுவாமி மண்டகப்படியில் நின்றால் ராகம் வளரும். புறப்பட்டால் முடித்துக்கொண்டு நடக்கவேண்டும்.

ஆகவே நீளம் பாவமும் அல்ல, புண்ணியமும் அல்ல. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். தேர் நான்கு வீதியும் சுற்றலாம். முட்டுக்கட்டை போட்டு முச்சந்தியில் நிற்கலாம். ஆனால் நிலைக்கு வந்து சேரவேண்டும். சேரும்போது, காலையில் புறப்பட்ட அந்த இடமே வேறொன்றாகத் தோன்றவேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மருமகன் பட்டியலைப் பார்த்தேன்.

முதலில் ‘கிங் கிரிம்ஸன்’. 1969 அக்டோபரில் வெளிவந்த அவர்களுடைய முதல் தட்டிலிருந்துதான் இந்த வம்சாவளியைப் பலர் தொடங்குவார்கள். மேலட்டையில் வாயைப் பிளந்து அலறும் ஒரு முகம். அதை வரைந்த பாரி காட்பர் என்ற இளைஞர் மறு வருஷமே காலமாகிவிட்டார். அதில் மெலோட்ரான் என்று ஒரு வாத்தியம் வருகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா. அதில் உண்மையான வயலினோ புல்லாங்குழலோ பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். எட்டு விநாடியில் தீர்ந்துபோகும். எட்டு விநாடி மூச்சுள்ள அந்த வாத்தியத்தால் ஒரு சோகத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் இந்தத் தட்டில் தேர் ஒரு வீதியில் சிக்கிக்கொள்கிறது. ‘மூன்சைல்டு’ என்ற பாட்டு இரண்டரை நிமிஷத்தில் அழகாக முடிந்துவிடுகிறது. அப்புறம் ஏறக்குறையப் பத்து நிமிஷம் ஆளுக்கொரு பக்கம் தடவிக்கொண்டிருக்கிறார்கள். “அது சூழ்நிலை, மாமா” என்றான் மருமகன். சரக்கு தீர்ந்தபின் எழுத்தாளனும் அதைத்தான் சொல்லுவான்.

இரண்டாவது ‘பிங்க் ஃப்ளாய்டு’. ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973 மார்ச்சில் வந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1973க்கும் 1988க்கும் இடையே 741 வாரம் இருந்த தட்டு. விற்பனை எனக்கு ஒரு பொருட்டல்ல. எனக்குப் பிடித்தது வேறொரு செய்தி. இதைப் பதிவு செய்து வெளியிடுவதற்கு ஒரு வருஷம் முன்பே, 1972இல், சபையில் முழுவதும் வாசித்துவிட்டார்கள். ஜனங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். அதனால்தானோ என்னவோ, இதில் ஊளைச்சதை இல்லை. இருதயத் துடிப்பில் தொடங்குகிறது. இருதயத் துடிப்பில் முடிகிறது. நடுவில் பணம், காலம், பைத்தியம், மரணம் எல்லாம் வந்து போய்விட்ட பிறகு, முதலில் கேட்ட துடிப்பா இது என்று கேட்கத் தோன்றுகிறது. பணத்தைப் பற்றிய பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிச்ர சாபு அறிந்த நமக்கு ஏழு அதிசயமில்லை. கிதார் தனியாகப் பேசவேண்டிய இடத்தில் ஏழை விட்டு நாலுக்கு இறங்கிவிடுகிறார்கள். அந்த அடக்கம்தான் அதிசயம். கணக்கு தெரியும் என்று காட்டிக்கொள்வதைவிட, அதை எங்கே விடவேண்டும் என்று தெரிவது பெரிய வித்தை.

மூன்றாவது ‘யெஸ்’ என்ற குழு. இவர்களிடம்தான் எனக்கும் மருமகனுக்கும் சண்டை வந்தது. 1972இல் வந்த ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ என்ற பாட்டு பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் தந்த உந்துதலில் பிறந்தது அது. திருலோக சீதாராம் தமிழில் தந்த அந்த நாவலைப் படித்தவர்களுக்கு, கடைசியில் ஆற்றங்கரையில் ஓடக்காரனோடு உட்கார்ந்து நீரின் குரலைக் கேட்கும் சித்தார்த்தன் நினைவிருப்பான். பாட்டு பறவைக் குரலிலும் நீரோசையிலும் தொடங்குகிறது. ஒரு பெரும் கலவரத்தில் நுழைகிறது. நடுவே கோயில் மாதிரி ஓர் அமைதி. பிறகு மறுபடி ஓட்டம். கடைசியில் அதே பறவை, அதே நீர். தேர் கம்பீரமாக நிலைக்கு வந்துவிட்டது. வார்த்தைகள் எனக்கு அவ்வளவாக விளங்கவில்லை. தெலுங்கு தெரியாமலே தியாகராஜரைக் கேட்டு வளர்ந்த ஜாதி நாம். அதைப் பெரிய குறையாகச் சொல்ல நமக்கு வாயில்லை.

இதே குழு 1973 டிசம்பரில் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராபிக் ஓஷன்ஸ்’ என்று இரட்டைத் தட்டு போட்டது. நான்கு பக்கம், நான்கே பாட்டு, எண்பது நிமிஷம். இதற்கு மூலம், பரமஹம்ஸ யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரித’த்தில் நம் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பு. மூலம் நம் ஊர்ச் சரக்கு என்பதற்காக நான் சலுகை காட்ட முடியாது. அழகான இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பொட்டல் வெளி இருக்கிறது. அடிக்குறிப்பு மகாபாரதம் ஆகவேண்டுமானால் அதற்குள் ஆட்கள் வேண்டும், தவறுகள் வேண்டும். வெறும் வியப்பை எண்பது நிமிஷம் நீட்ட முடியாது. குழுவின் பியானோக்காரர் ரிக் வேக்மேனுக்கே இது ஒத்துவரவில்லை. மான்செஸ்டரில் கச்சேரி நடக்கும்போதே மேடையில் உட்கார்ந்து இந்தியக் கறிச் சாப்பாடு சாப்பிட்ட கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டும் போய்விட்டார்.

“இது கதை இல்லை, இழுவை” என்றேன்.

மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “கோவிச்சுக்காதீங்க மாமா. உங்க தொடர்கதையிலே, அந்தப் பெண் ரயிலேறிப் போனப்புறம் எட்டு வாரம் வந்துதே, அது என்ன?” என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன். கதை அந்த ரயிலோடு முடிந்துவிட்டது. பத்திரிகைக்காரர் இன்னும் எட்டு வாரம் வேண்டும் என்றார். நானும் சரி என்றேன். ஒரு மாமாவை ஊரிலிருந்து வரவழைத்தேன். ஒரு கடிதத்தைக் காணாமல் போக்கினேன். எட்டு வாரமும் பொட்டல் வெளி.

நான்காவது ‘ஜெத்ரோ டல்’. இயன் ஆண்டர்சன் என்பவர் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதுவார். படத்தைப் பார்த்த அக்காள், “கிருஷ்ணன் மாதிரி இருக்கானே” என்றாள். 1971இல் வந்த இவர்கள் தட்டை விமர்சகர்கள் ஒரே கருத்துள்ள காவியம் என்று எழுதினார்கள். இல்லவே இல்லை என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். காவியம்தானே கேட்டீர்கள், இந்தாருங்கள் என்று 1972இல் ‘திக் அஸ் அ பிரிக்’ போட்டார். தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு. எழுதியவன் எட்டு வயதுப் பையன் என்று ஒரு கற்பனைப் பெயர். மேலட்டை, பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பொய்ச் செய்தித்தாள். கேலிக்காகச் செய்தது, காவியம் செய்ய முனைந்தவர்கள் பலருடையதைவிட நன்றாக அமைந்துவிட்டது. தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் நீளத்தில் தொலைந்துபோக மாட்டான்.

ஐந்தாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போது நம்மவர்கள்.

‘சக்தி’ குழுவை ராக் என்று சொல்வது பொருந்தாது. மின்சார வாத்தியத்தில் பேர் வாங்கிய ஜான் மக்லாக்லின் அதை விட்டுவிட்டு, வெறும் மரக் கிதாரோடு நம்மவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சங்கீதம் அது. எல். சங்கர் வயலின், ஜாகிர் ஹுசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். முதல் தட்டு 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் சபைக்கு முன்னால் வாசித்தபோது பதிவானது. ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி. மானாமதுரைப் பக்கத்து மண் போன்ற ஒரு பானைச் சத்தத்துக்கு அந்த ஊர் ஜனங்கள் எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்டால் மனம் நெகிழ்கிறது. இங்கே பொட்டல் வெளி கிடையாது. காரணம் எளியது: ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் எடுக்கவேண்டும், கோர்வை எடுப்பில் வந்து விழவேண்டும். நம் தாளத்தில், வீட்டுக்குத் திரும்புவது சட்டமாகவே இருக்கிறது. ‘சக்தி’யின் ‘திஸ் மொமென்ட்’ தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி பரிசு கிடைத்தபோது, விக்குவின் மகன் செல்வகணேஷ் குழுவில் இருந்தார். அந்த வருஷம் டிசம்பரில் ஜாகிர் ஹுசேன் காலமானார்.

கொச்சிக் குழுவான ‘மதர்ஜேன்’ 2008இல் ‘மக்தூப்’ என்ற தட்டு போட்டது. பைஜு தர்மஜனின் கிதாரில் கமகம் பேசுகிறது. கர்நாடக சங்கீதத்தை மேலே ஒட்டவில்லை, விரலுக்குள் இருக்கிறது. பெங்களூர்க் குழுவான ‘அகம்’ வேறு வழி. 2012இல் வந்த ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ அவர்களுடைய முதல் தட்டு. ஸ்வாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவை அவர்கள் எடுத்துக்கொண்டு செய்திருப்பதைக் கேட்டேன். கச்சேரியின் வால்பகுதியில் துக்கடாவாக வருவதை இவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் உற்சாகமாகப் பாடுகிறார். ரசித்தேன், ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இந்தத் தேரை ஆசாரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டிவிட்டான். அதற்குத் தானே நிலைக்கு வரத் தெரியும். இவர்கள் புது வடம் போட்டு இழுக்கிறார்கள். தாங்களே தேர் கட்டும்போதுதான் இவர்கள் கெட்டிக்காரத்தனம் தெரியும். “வடம் பிடிக்கிறதும் வேலைதானே மாமா” என்றான் மருமகன். அதுவும் வாஸ்தவம்.

கச்சேரிகள் விஷயம். 2002இல் ‘பிங்க் ஃப்ளாய்டு’ ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூரில் பாடியபோது இவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு ஸ்வீடன் தேசத்து ‘ஓபெத்’ குழு வந்தது. வீட்டில் சிநேகிதன் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். ஒரே மனிதர் ஒரு கணம் பாதாளத்திலிருந்து உறுமுகிறார். மறுகணம் தாலாட்டுப் பாடுவதுபோல் பாடுகிறார். “உறுமல் எங்கே நிக்கும்னு எனக்குத் தெரியும். பக்கத்திலே நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாரும் ஒண்ணா மூச்சை அடக்கினாங்க. அன்னிக்குத்தான் நான் தனி ஆள் இல்லைன்னு தெரிஞ்சுது” என்றான். தட்டு உயர்ந்ததா, நேரில் கேட்பது உயர்ந்ததா என்ற விவாதத்துக்கு இதற்குமேல் பதில் வேண்டாம். தட்டு பிழையில்லாமல் இருக்கும். ஆனால் பக்கத்தில் ஆள் இருக்காது.

அவனிடம் நான் கண்ட ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். “இது எல்லாருக்கும் புரியாது” என்று சில சமயம் சொல்லுகிறான். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து, பல்லவிக் கணக்குத் தெரியாதவனைத் திரும்பிப் பார்க்கிறவரின் முகத்தில் அதே வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். கஷ்டமான சங்கீதத்தைக் கேட்கிறோம் என்ற பெருமை, சங்கீதத்தைக் கேட்கவிடாது.

இனி, ஐந்தாவது குழு ‘ஜெனிஸிஸ்’. 1972இல் வந்த அவர்களுடைய ‘ஃபாக்ஸ்ட்ராட்’ தட்டில் ‘ஸப்பர்ஸ் ரெடி’ என்று இருபத்துமூன்று நிமிஷப் பாட்டு ஒன்று, ஏழு பகுதி. ஓர் இரவு, ஒரு வீட்டு அறையில் இரண்டு பேர். அங்கே தொடங்கி உலகத்தின் கடைசி நாள்வரை போகிறது. ஆறாவது பகுதி ஒன்பது எண்ணிக்கை. தாளக்காரர்கள் அந்த ஒன்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, மேலே ஆர்கன் அதைச் சட்டை செய்யாமல் அலைகிறது.

இரவு திண்ணையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். காதுக் குமிழைக் கழற்றி, சின்ன ஒலிபெருக்கியில் வைக்கச் சொல்லியிருந்தேன். மகேந்திரவர்மனுக்குச் ‘சங்கீர்ணஜாதி’ என்று ஒரு பட்டம் உண்டு. அது அவனுடைய சங்கீதத் தேர்ச்சியைக் குறிப்பது என்று அறிஞர் பலர் கொள்வார்கள். தாள சாஸ்திரத்தில் சங்கீர்ணம் என்றால் ஒன்பது. “உங்கள் ஊரில் ஜெயித்தவனுக்கே ஒன்பதில் பிரியம் போலிருக்கிறது” என்று வேடிக்கையாகச் சொன்னேன். உள்ளே படுத்திருந்த அக்காள் கணவர் எழுந்து வந்தார். “ஒன்பதா? எங்கே?” என்றார். உட்கார்ந்தார். தொடையில் விரல் எண்ண ஆரம்பித்தது. இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டார். ஆர்கன் ஏறிக்கொண்டே போயிற்று. விரல் விடவில்லை. பிறகு திடீரென்று மணிகள் முழங்க, முதலில் அந்த அறையில் கேட்ட மெட்டு, பெரிய உருவெடுத்துத் திரும்பி வந்தது.

அவர் எண்ணுவதை நிறுத்தினார். “நிலைக்கு வந்துட்டான்யா” என்றார்.

மருமகன் முகத்தை நான் பார்க்கவில்லை, இருட்டு. “இன்னொரு தரம் வைக்கட்டுமாப்பா?” என்று கேட்ட குரலை மட்டும் கேட்டேன். தகப்பனார் வேண்டாம் என்று சொல்லவில்லை.

யுத்தம் ஓய்ந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். மறுநாள் காலையில் ‘ஓபெத்’துக்கு மறுபடி பட்டறை என்று பெயர் வந்துவிட்டது. எனக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. என் நாவலின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போக இருக்கிறது. அந்தப் பெண் ரயிலேறியதோடு கதையை முடித்துவிட்டேன். எட்டு வாரத்தையும் எடுத்துவிட்டேன்.